தூரத்து லினக்ஸ் டெஸ்க்டாப்பை இங்கிருந்து இயக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு பழைய டெஸ்க்டாப் கணினி உபுண்டு என்ற லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் இருப்பது சென்னையில், கையில் விண்டோஸ் மடிக்கணினி. ஊரில் இருக்கும் டெஸ்க்டாப்பை இங்கே வரவழைத்துத்தான் சில வருடங்களாக வேலை பார்க்கிறேன். அதைப் பார்த்துவிட்டு 'எனக்கும் இது வேண்டும்' என்று வந்தவர்கள் கேட்ட கேள்விகள் இவை.

கீழே 'அங்கே' என்றால் லினக்ஸ் ஓடும் கணினி. 'இங்கே' என்றால் நீங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் கணினி. கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து தரவில்லை. அவை டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ (உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள்) கொஞ்சம் மாறும், நிரலின் பெயர் தெரிந்தால் தேடி எடுத்துவிடலாம். எதை, ஏன் என்பதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: முதலில் எதை நிறுவ வேண்டும்?

எதையும் நிறுவ வேண்டாம். உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள். 'ரிமோட் டெஸ்க்டாப்' என்ற ஒரே பெயரில் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

அங்கே இருக்கும் ஒரே ஒரு நிரலின் விண்டோ மட்டும் இங்கே வந்தால் போதும் என்பது ஒன்று. அங்கே மானிட்டரில் இப்போது என்ன தெரிகிறதோ அதே திரையைப் பார்த்து, அதே மவுஸை நகர்த்த வேண்டும் என்பது இரண்டாவது. அங்கே மானிட்டரில் எது ஓடினாலும் ஓடட்டும், எனக்கென்று தனியாக ஒரு டெஸ்க்டாப் வேண்டும் என்பது மூன்றாவது.

அப்பாவின் கணினியில் பிரின்டர் மக்கர் செய்கிறது, போனில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை என்றால் உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. நாள் முழுக்க உட்கார்ந்து உங்கள் வேலையைப் பார்க்க மூன்றாவது. ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு இன்னொன்றுக்கான கருவியை நிறுவிவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று வருபவர்கள்தான் அதிகம். பாவம், கருவி அதன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கும்.

கேள்வி: ஒரே ஒரு நிரல் போதும். அதற்கு என்ன வழி?

எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினிக்குள் குறியாக்கத்தோடு நுழைந்து கட்டளை கொடுக்கும் முறை) வழியாக எக்ஸ் ஃபார்வர்டிங், அதாவது அங்கே ஓடும் நிரலின் விண்டோவை இங்கே அனுப்புவது. லினக்ஸில் இது புதிதாக யாரோ ஒட்டவைத்த வசதி இல்லை, பிறவியிலேயே வந்தது. திரையில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ் விண்டோ அமைப்பு 1984-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், அதீனா என்ற திட்டத்தின் சூழலில் பிறந்தது. நிரல் ஓடும் கணினி ஒன்று, அதன் விண்டோ தெரியும் கணினி வேறொன்று என்பதுதான் அங்கே அன்றாடம். அதனால் நெட்வொர்க்கைத் தாண்டி விண்டோ போவது அதன் இரத்தத்திலேயே இருக்கிறது. 1987-ல் வந்த 11-வது பதிப்பைத்தான் இன்றைக்கும் எக்ஸ்11 என்கிறோம்.

ஒரு சின்னக் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். எக்ஸ் உலகில் சர்வர் என்பது திரை இருக்கும் பக்கம், அதாவது உங்கள் மடிக்கணினி. அங்கே ஓடும் நிரல்தான் கிளையண்ட். தலைகீழாகத் தெரியும். திரை, விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றைப் 'பரிமாறுவது' யார் என்று யோசித்தால் நேராகிவிடும்.

அங்கே எஸ்எஸ்எச் சர்வரின் அமைப்புக் கோப்பில் எக்ஸ் ஃபார்வர்டிங் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும், அனுமதிச் சாவியைக் கையாளும் எக்ஸ்ஆத் என்ற குட்டி நிரலும் இருக்க வேண்டும். குறைந்தபட்சமாக நிறுவிய சர்வர்களில் இந்த எக்ஸ்ஆத் இருக்காது. பாதிப் பேர் தடுக்கி விழுவது அங்கேதான். இங்கே லினக்ஸ் என்றால் வேறெதுவும் வேண்டாம். மேக் என்றால் எக்ஸ்குவார்ட்ஸ். விண்டோஸ் என்றால் விசிஎக்ஸ்சர்வ் போன்ற ஓர் எக்ஸ் சர்வர், அல்லது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகத் தரும் மோபாஎக்ஸ்டெர்ம். விண்டோஸ் 11-ல் லினக்ஸ் துணை அமைப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். அதற்குள் எக்ஸ் சர்வர் ஏற்கெனவே இருக்கிறது, அதன் டெர்மினலிலிருந்து எஸ்எஸ்எச் செய்தால் போதும்.

'டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை' என்று பிழை வந்தால், அங்கே டிஸ்ப்ளே என்ற சூழல் மாறியின் மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்குப் பின்னால் 10 அல்லது அதற்கு மேற்பட்ட எண் இருந்தால் சரி. காலியாக இருந்தால் ஃபார்வர்டிங் அமையவில்லை. வெறும் 0 இருந்தால், எப்போதோ யாரோ சொன்னார்கள் என்று உங்கள் பாஷ் தொடக்கக் கோப்பில் அந்த மதிப்பை நீங்களே எழுதிவைத்திருப்பீர்கள். அந்த வரியை அழியுங்கள். எஸ்எஸ்எச் தானாக வைக்கும் மதிப்பின் மேல் நாம் கைவைக்கக் கூடாது.

இன்னொன்று. ஃபார்வர்டிங்கை முழு நம்பிக்கையோடு திறந்துவிட்டால், அங்கே இருக்கும் நிரல் உங்கள் எக்ஸ் திரையில் நீங்கள் தட்டும் விசைகளைக்கூட ஒட்டுக்கேட்க முடியும். உங்களுடையது அல்லாத, நம்பிக்கையில்லாத சர்வருக்கு இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: ஆபீஸில் நன்றாக வந்தது. வீட்டிலிருந்து அதே நிரல் ஆமை மாதிரி நகர்கிறதே?

காரணம் வேகம் இல்லை, தாமதம். 100 எம்பிபிஎஸ் இணைப்பு வைத்திருந்தாலும் இதேதான் நடக்கும். எக்ஸ் நிரல்கள் திரையோடு ஓயாமல் பேசுபவை. 'இந்த எழுத்துரு இருக்கிறதா', 'இந்த விண்டோ எவ்வளவு அகலம்' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பல இடங்களில் காத்திருக்கும். ஒரு நிரல் திறப்பதற்குள் இப்படி 200 முறை போய்வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டடத்துக்குள் ஒரு முறை போய்வர அரை மில்லிசெகண்ட், மொத்தம் 0.1 செகண்ட். இணையம் வழியாக 60 மில்லிசெகண்ட் என்றால் மொத்தம் 12 செகண்ட். குழாயின் அகலத்தைக் கூட்டி இதைக் குறைக்க முடியாது.

ஒற்றை விண்டோதான் வேண்டும், ஆனால் தூரத்திலிருந்து வேண்டும் என்றால் எக்ஸ்பிரா இருக்கிறது. அது அங்கேயே ஓர் எக்ஸ் சர்வரை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சுவார்த்தையை எல்லாம் அங்கேயே முடித்துவிடும். படமாக மாறிய விண்டோ மட்டும் இங்கே வரும். இணைப்பு அறுந்தாலும் நிரல் சாகாது, திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளலாம். வெறும் ஃபார்வர்டிங்கில் வைஃபை ஒரு தடவை கண் சிமிட்டினால் போச்சு, சேமிக்காத வேலையும் கூடவே போச்சு.

கேள்வி: முழு டெஸ்க்டாப் வேண்டும். விஎன்சியா, ஆர்டிபியா?

இரண்டுமே தூரத்துத் திரையை நெட்வொர்க் வழியாகக் கொண்டுவரும் முறைகள். ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 1920-க்கு 1080 திரையில் சுமார் 20.7 இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு முழுத் திரை 83 இலட்சம் பைட். செகண்டுக்கு 60 தடவை அனுப்பினால் ஏறக்குறைய 50 கோடி பைட், அதாவது 4 ஜிகாபிட். சாதாரண வீட்டு இணைப்பு எதுவும் இதைத் தாங்காது. அதனால் எல்லாக் கருவிகளும் செய்வது ஒரே தந்திரம்தான்: மாறிய இடத்தை மட்டும் அனுப்பு, அதையும் சுருக்கி அனுப்பு. எப்படிச் சுருக்குவது, புள்ளிகளைத் தவிர வேறு என்னவெல்லாம் அனுப்புவது என்பதில்தான் வித்தியாசம்.

விஎன்சி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தது. அந்தக் கூடம் பிறகு ஏடி அண்ட் டி கைக்குப் போய், 2002-ல் மூடப்பட்டது. விஎன்சியின் அடிப்படை மிக எளிமையானது: 'திரையில் இந்தச் செவ்வகம் மாறியது, இதோ அதன் புள்ளிகள்.' அந்த எளிமையால்தான் எல்லாக் கணினியிலும், போனிலும்கூட அதற்கு ஒரு செயலி இருக்கிறது. ஆர்டிபி மைக்ரோசாஃப்டுடையது, 1998-ல் விண்டோஸ் என்டி 4.0-வின் டெர்மினல் சர்வர் பதிப்போடு வந்தது. ஒலி, கிளிப்போர்டு, கோப்புறை, பிரின்டர் எல்லாம் அதே இணைப்பில் வரும். இணைப்பும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும்.

என் கட்சி ஆர்டிபி. இங்கே விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்த நிரல் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது, லினக்ஸ் என்றால் ரெமினா இருக்கிறது. அங்கே எக்ஸ்ஆர்டிபி என்ற ஆர்டிபி சர்வரை நிறுவினால் முடிந்தது. இது மேலே சொன்ன மூன்றில் மூன்றாவது வகை, தனி டெஸ்க்டாப். அங்கே தெரியும் அதே திரைதான் வேண்டும், அங்கே ஓடுவது எக்ஸ்11 என்றால் எக்ஸ்11விஎன்சி நல்ல கருவி. தனி டெஸ்க்டாப்பை விஎன்சியிலேயே வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் டைகர்விஎன்சியைப் பார்க்கலாம்.

விஎன்சியில் ஓர் எச்சரிக்கை. அதன் பழைய பாஸ்வேர்டு முறை முதல் 8 எழுத்துகளை மட்டும்தான் பார்க்கும். ஊர்ப்பெயரையும் பிறந்த வருடத்தையும் சேர்த்து ஆங்கில எழுத்தில் நீளமாக வைத்தாலும் ஒன்பதாவது எழுத்திலிருந்து எல்லாம் வீண். அதோடு, அடிப்படை விஎன்சியில் திரை குறியாக்கம் இல்லாமலே போகும். எஸ்எஸ்எச்சுக்குள் விட்டு அனுப்பாமல் விஎன்சியைத் தொடாதீர்கள்.

கேள்வி: எக்ஸ்ஆர்டிபி நிறுவினேன். பாஸ்வேர்டு ஏற்கிறது, அப்புறம் கறுப்புத் திரை. என்ன தப்பு?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். நானே ஓர் இரவு முழுக்க இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஊருக்குப் போயிருந்தபோது மாடியில் கணினியைத் திறந்து ஏதோ பார்த்துவிட்டு, லாக் அவுட் செய்யாமல் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு வந்துவிட்டேன். சென்னை வந்து இணைத்தால் பெயர் கேட்டது, பாஸ்வேர்டு கேட்டது, நீலத் திரை போய்க் கறுப்பு வந்தது, நடுவில் கர்சர் மட்டும் அம்புக்குறியாக நின்றது. சில சமயம் ஐந்து செகண்டில் விண்டோவே மூடிக்கொண்டது. நிறுவியதை நீக்கி மறுபடி நிறுவினேன். கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் எஸ்எஸ்எச் வழியாகப் போய் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்தால், மாடி அறையில் நானே இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.

உபுண்டுவில் வழக்கமாக வரும் க்னோம் போன்ற டெஸ்க்டாப்களில் ஒரு பயனருக்குப் பின்னணியில் ஓடும் சேவைகள் ஒரே ஒரு தொகுப்புதான். அதே பயனர் மானிட்டரில் ஒரு வரைகலை செஷனும் (லாகின் முதல் லாக் அவுட் வரையான அமர்வு) தூரத்திலிருந்து இன்னொன்றும் திறந்தால், இரண்டாவது ஆள் வந்து அதே சேவைகளைப் பிடித்து இழுக்கிறார். முதல் ஆள் விடமாட்டார். விளைவு, கறுப்பு. அங்கே லாக் அவுட் செய்யுங்கள். லாக் அவுட் செய்ய வீட்டில் ஆள் இல்லையென்றால், எஸ்எஸ்எச்சில் போய் சிஸ்டம்டியின் (லினக்ஸின் சேவைகளை நிர்வகிப்பது) லாகின் கருவியால் அந்தச் செஷனை முடித்துவிடலாம். அங்கே சேமிக்காத வேலை இருந்தால் அது போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் கறுப்பு என்றால், எந்த டெஸ்க்டாப்பைத் தொடங்க வேண்டும் என்று எக்ஸ்ஆர்டிபிக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். நான் செய்தது இது: எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பைக் கூடுதலாக நிறுவினேன். என் ஹோம் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் எக்ஸ்செஷன் கோப்பில் எக்ஸ்எஃப்சிஇயின் செஷன் நிரல் பெயரை ஒரே வரியாக எழுதினேன். அன்றைக்கு வந்த டெஸ்க்டாப் இன்றுவரை வருகிறது. க்னோமின் அசைவுகளும் நிழல்களும் தூரத்திலிருந்து பார்க்கும்போது சுமைதான், எக்ஸ்எஃப்சிஇ அல்லது மாட்டே இதற்குத் தோதானவை.

இன்னும் தீரவில்லையா, ஊகிப்பதை நிறுத்திவிட்டு லாகை, அதாவது நிரல்கள் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பை, படியுங்கள். எக்ஸ்ஆர்டிபியின் செஷன் மேலாளர் லாக் கோப்புறையில் ஒரு கோப்பு வைத்திருக்கும். உங்கள் ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும் எக்ஸ்செஷன் பிழைக் கோப்பும் பேசும். இரண்டின் கடைசி இருபது வரிகள் போதும்.

கேள்வி: உள்ளே போனதும் 'வண்ண மேலாண்மைக்கு அனுமதி தேவை' என்று பாஸ்வேர்டு கேட்கிறதே?

தொந்தரவுதான், ஆபத்து இல்லை. தூரத்திலிருந்து வரும் செஷனை 'கணினிக்கு முன்னால் இருக்கும் ஆள்' என்று அனுமதி அமைப்பு ஏற்பதில்லை, அதனால் கேட்கிறது. ரத்து செய்துவிட்டு வேலையைப் பாருங்கள். ஒரேயடியாக நிறுத்த போல்கிட் என்ற அந்த அனுமதி அமைப்பில் ஒரு விதி எழுத வேண்டும்.

கேள்வி: உபுண்டு அமைப்புகளிலேயே ரிமோட் டெஸ்க்டாப் என்று இருக்கிறதே, எக்ஸ்ஆர்டிபி எதற்கு?

இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. 2022-ல் வந்த க்னோம் 42-லிருந்து அது ஆர்டிபி பேசுகிறது, உபுண்டு 22.04-ல் இதைத்தான் பார்ப்பீர்கள். ஆனால் அது திரைப் பகிர்வு, அதாவது இரண்டாவது வகை. அங்கே யாராவது லாகின் செய்திருந்தால்தான் பகிர ஒரு திரையே இருக்கும். மின்சாரம் போய்வந்து கணினி லாகின் திரையில் நின்றுகொண்டிருந்தால் உங்களால் உள்ளே போக முடியாது. 2024-ல் வந்த க்னோம் 46-ல் இந்தக் குறை தீர்ந்தது. 'ரிமோட் லாகின்' என்று தனியாக ஒன்று சேர்ந்தது, லாகின் திரையே இங்கே வரும். உபுண்டு 24.04 வைத்திருப்பவர்கள் முதலில் இதை முயன்று பாருங்கள். கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பிலும் பிளாஸ்மா 6.1 பதிப்பிலிருந்து ஆர்டிபி சர்வர் கூடவே வருகிறது.

இரண்டு பொறிகள் மட்டும் உண்டு. எக்ஸ்ஆர்டிபியும் க்னோமின் ஆர்டிபியும் 3389 என்ற ஒரே போர்ட்டுக்கு (இணைப்பு உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) சண்டை போடும், ஒன்றை நிறுத்துங்கள். அப்புறம், தானாக லாகின் ஆகும்படி வைத்திருந்தால் திரைப் பகிர்வின் பாஸ்வேர்டு வேலை செய்யாமல் போகும். அந்தப் பாஸ்வேர்டு க்னோமின் சாவிக்கொத்தில் இருக்கிறது. யாரும் பாஸ்வேர்டு தட்டாததால் சாவிக்கொத்து பூட்டியே கிடக்கும்.

கேள்வி: வேலண்ட் வந்துவிட்டதால் இதெல்லாம் பழைய கதையா?

பாதி உண்மை. எக்ஸுக்கு மாற்றாக 2008-ல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்டில், எக்ஸ் போல நெட்வொர்க்கைத் தாண்டும் வசதியை வேண்டுமென்றே வைக்கவில்லை. ஒரு நிரல் இன்னொரு நிரலின் திரையைக் கேட்காமல் எட்டிப்பார்க்கவும் முடியாது. அதனால்தான் எக்ஸ்11விஎன்சி வேலண்டில் வேலை செய்வதில்லை, பகிர்வை டெஸ்க்டாப்பே செய்து தர வேண்டியிருக்கிறது. ஒற்றை விண்டோவுக்கு வேபைப் என்ற கருவி இருக்கிறது. 2025-ல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10-ல் எக்ஸ் சர்வரே கிடையாது, பழைய நிரல்களுக்காக எக்ஸ்வேலண்ட் மட்டும் உண்டு. உபுண்டு 25.10-லும் க்னோமின் எக்ஸ் செஷன் போய்விட்டது. ஆனால் எக்ஸ்எஃப்சிஇயும் எக்ஸ்ஆர்டிபியும் சேர்ந்து இன்னும் நன்றாக ஓடுகின்றன. ஓடும்வரை நான் மாற்றப் போவதில்லை.

கேள்வி: ஆபீஸுக்குள் வேலை செய்கிறது. வெளியிலிருந்து வர ரௌட்டரில் 3389-ஐத் திறந்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். இணையம் முழுக்க 3389, விஎன்சியின் 5900 போன்ற போர்ட்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டே திரியும் நிரல்கள் இருக்கின்றன. திறந்துவைத்த சிறிது நேரத்திலேயே உங்கள் லாகில் வேற்று முகவரிகள் வரிசை கட்டும். டெஸ்க்டாப் போர்ட் வெளியே தெரியவே கூடாது. வெளியே தெரிவது எஸ்எஸ்எச் மட்டும்தான், அதுவும் பாஸ்வேர்டை அணைத்துவிட்டு, சாவிக் கோப்பால் மட்டும்.

எஸ்எஸ்எச்சுக்குள் சுரங்கம் போடுவது இப்படி. 'இங்கே 13389 என்ற போர்ட்டில் வருவதை எல்லாம் அங்கே இருக்கும் 3389-க்குக் கொண்டுபோ' என்று எஸ்எஸ்எச்சிடம் சொல்கிறோம். பிறகு ரிமோட் டெஸ்க்டாப் நிரலில் 127.0.0.1 (கணினி தன்னையே குறிக்கும் முகவரி), போர்ட் 13389 என்று கொடுக்கிறோம். இங்கேயும் 3389-ஐயே வைத்தால் விண்டோஸ் முரண்டு பிடிக்கும், ஏனென்றால் அது அதன் சொந்தப் போர்ட். சுரங்கம் சரியாக வந்ததும், எக்ஸ்ஆர்டிபியின் அமைப்பில் அது கேட்கும் முகவரியை 127.0.0.1 என்று மாற்றிவிடுங்கள். அதன் பிறகு சுரங்கம் வழியாக வருபவரைத் தவிர யாருக்கும் கதவே தெரியாது.

இதைச் செய்தும் வீட்டு ரௌட்டருக்குள் போக முடியவில்லை என்றால், உங்களுக்கென்று பொது முகவரியே இல்லாமல் இருக்கலாம். ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி என்று காட்டும் எண்ணையும், 'என் ஐபி என்ன' என்று தேடினால் வரும் எண்ணையும் ஒப்பிடுங்கள். வேறுவேறாக இருந்தால், குறிப்பாக ரௌட்டரில் 100.64-லிருந்து 100.127 வரைக்குள் தொடங்கும் எண் இருந்தால், இணைப்பு தருபவர் பல வீடுகளை ஒரே முகவரிக்குள் அடைத்திருக்கிறார். அப்பார்ட்மெண்ட் வாசலில் ஒரே தபால் பெட்டி, யாருடைய வீட்டு எண்ணும் எழுதவில்லை என்கிற மாதிரி. நீங்கள் ரௌட்டரில் எதைத் திறந்தாலும் பயனில்லை. எங்கள் ஊர் இணைப்பும் இப்படித்தான். வாடிக்கையாளர் சேவையில் கேட்டபோது ரௌட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். நாலு தடவை.

அப்படிப்பட்டவர்களுக்கு டெயில்ஸ்கேல் போன்ற தனி நெட்வொர்க் சேவைகள் கைகொடுக்கும். இரண்டு கணினிகளும் வெளியே போய்ச் சந்தித்துக்கொள்வதால் உள்ளே வரும் கதவு தேவையில்லை. அடியில் ஓடுவது வயர்கார்ட் என்ற குறியாக்கச் சுரங்கம். 2020-ல் லினக்ஸ் கெர்னல் 5.6-லேயே சேர்க்கப்பட்டது அது. மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன மேகக் கணினி வைத்திருப்பவர்கள் அதை நடுவில் வைத்து வயர்கார்டைத் தாங்களே அமைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: விண்டோவை மூடினால் அங்கே ஓடும் வேலை நின்றுவிடுமா?

எக்ஸ்ஆர்டிபியிலும் டைகர்விஎன்சியிலும் நிற்காது. விண்டோவை மூடுவது துண்டிப்பது மட்டுமே, செஷன் அங்கே அப்படியே இருக்கும். உள்ளே போய் லாக் அவுட் கொடுத்தால்தான் முடியும். எக்ஸ்2கோ என்ற இன்னொரு கருவியிலும் இடைநிறுத்திவைத்து வேறு கணினியிலிருந்து தொடரலாம். அது முழுக்க எஸ்எஸ்எச்சுக்குள்ளேயே ஓடுவதால் தனிச் சுரங்கமும் வேண்டாம். க்னோமோடு மட்டும் அதற்கு ஒத்துவராது.

கேள்வி: தமிழில் எப்படித் தட்டுவது? எனக்கு ஒன்றும் வரவில்லை, அல்லது கன்னாபின்னாவென்று வருகிறது.

இதற்குப் பதில் வேறெங்கும் கிடைக்காமல் நானே தட்டுத்தடுமாறிக் கற்றது. விதி ஒன்றே: தமிழ் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டும்.

ஆர்டிபி பொதுவாக 'எந்த விசையை அழுத்தினார்' என்பதை அனுப்புகிறது. விஎன்சி 'எந்த எழுத்து வந்தது' என்பதை அனுப்புகிறது. அதனால் ஆர்டிபியில் இங்கே தமிழ் விசைப்பலகையை வைத்துத் தட்டினாலும், அங்கே ஆங்கிலம் இருந்தால் ஆங்கிலம்தான் விழும். இங்கே ஆங்கிலத்திலேயே விட்டுவிடுங்கள். அங்கே ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியை நிறுவி, எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பிலிருந்து தமிழ்99 விசைப்பலகையைச் சேருங்கள். எச் விசையை அழுத்தினால் அங்கே 'க' விழும். ஏ, கே, கே, கியூ என்று தட்டினால் 'அம்மா' வந்துவிடும், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்.

விஎன்சியில் இங்கே தமிழ் வைத்துத் தட்டினால் எழுத்தே போகிறது. 'க' என்பது 0பி95 என்ற யூனிகோடு எண்ணாகப் போய், அங்கே அதற்குச் சமமான விசை ஒன்றை அந்த நேரத்தில் உருவாக்க வேண்டும். சில சர்வர்கள் செய்கின்றன, சில முழிக்கின்றன. இரண்டு பக்கமும் தமிழை வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே விஎன்சியிலும் அங்கே மட்டும் தமிழ் என்பதே என் வழி.

கிளிப்போர்டில் வெட்டி ஒட்டிய தமிழ் கேள்விக்குறிகளாக மாறினால், அது பழைய விஎன்சியின் பிறவிக் குறை. அதன் மூல நெறிமுறையில் கிளிப்போர்டுக்கு மேற்கு ஐரோப்பிய எழுத்துகளைத் தவிர இடமில்லை. தமிழுக்கு அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. இரண்டு பக்கமும் புதிய டைகர்விஎன்சி இருந்தால் யூனிகோடு முழுதாகப் போகும். தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அங்கே எழுத்துரு இல்லை. எழுத்தை வரைவது அங்கேதான் என்பதால் இங்கே எத்தனை எழுத்துரு இருந்தும் உதவாது. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழை அங்கே போடுங்கள்.

கேள்வி: ஒலி, வீடியோ, முப்பரிமாணம்?

ஒலி: விஎன்சியில் பொதுவாக இல்லை. எக்ஸ்ஆர்டிபியில் உண்டு, ஆனால் லினக்ஸின் ஒலி அமைப்பான பல்ஸ் அல்லது பைப்வயருக்கான கூடுதல் தொகுப்பை நிறுவ வேண்டும். வீடியோ: யூடியூபை அங்கே திறந்து இங்கே பார்ப்பது எதற்கு, இங்கேயே பாருங்கள். பிளெண்டர் மாதிரி முப்பரிமாண வேலைக்கு அங்கே இருக்கும் கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்த விர்ச்சுவல்ஜிஎல் இருக்கிறது.

கேள்வி: மானிட்டரே இல்லாத கணினியில்?

எக்ஸ்ஆர்டிபிக்கும் டைகர்விஎன்சிக்கும் மானிட்டர் தேவையே இல்லை, திரையை அவை நினைவகத்தில் கட்டிக்கொள்ளும். திரைப் பகிர்வுக்குத்தான் சிக்கல். மானிட்டர் செருகப்படாவிட்டால் பகிர ஒன்றும் இருக்காது, அல்லது தம்மாத்துண்டுத் திரை வரும். எச்டிஎம்ஐ பொய் செருகி என்று கட்டைவிரல் அளவில் ஒன்று விற்கிறார்கள். அதைக் குத்திவிட்டால் கணினி மானிட்டர் இருப்பதாக நம்பிக்கொள்ளும்.

கேள்வி: எனக்கு உண்மையிலேயே டெஸ்க்டாப் வேண்டுமா?

பல பேருக்கு வேண்டாம். நிரல் எழுதத்தான் என்றால் விஎஸ் கோட் எடிட்டர் எஸ்எஸ்எச் வழியாக அங்கே இருக்கும் கோப்புகளை இங்கே திறக்கும். உலாவியில் நிரல் எழுதும் ஜூபிட்டர் என்றால் ஒரு போர்ட்டுக்குச் சுரங்கம் போதும், உலாவி இங்கே. நீண்ட நேரம் ஓடும் வேலைக்கு, இணைப்பு அறுந்தாலும் டெர்மினலை ஓடவிடும் டீமக்ஸ். கோப்பு எடுக்க எஸ்எஃப்டிபி. என் மாணவ நண்பர் ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த தினமும் முழு டெஸ்க்டாப்பை வரவழைத்துக்கொண்டிருந்தார். கடைக்குப் போய் உப்பு வாங்க லாரி எடுத்த மாதிரி.

கேள்வி: ஊரில் கரண்ட் போனால்?

மென்பொருளை எல்லாம் சரிசெய்த பிறகு என்னை உண்மையில் வாட்டியது இதுதான். கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் 'மின்சாரம் திரும்பினால் தானாக இயங்கு' என்ற அமைப்பு இருக்கும், முதலில் அதை இயக்குங்கள். மடிக்கணினிகளில் பெரும்பாலும் இது இருக்காது, அதனால்தான் பழைய டெஸ்க்டாப் கணினியை வைத்திருக்கிறேன். வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்திருந்தால், கணினி எழும்போதே கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நிற்கும், நெட்வொர்க்கே வந்திருக்காது. அதற்கு டிராப்பேர் என்ற குட்டி எஸ்எஸ்எச் சர்வரைத் தொடக்கக் கட்டத்திலேயே வைக்கலாம். தூங்கிப்போவதும் ஒரு தொல்லை. லாகின் திரையில் யாரும் தொடாவிட்டால் அந்தத் திரையே கணினியைத் தூங்கவைக்கும் வழக்கம் க்னோமில் உண்டு. உங்கள் கணக்கில் தூக்கத்தை அணைத்திருந்தாலும் அது கேட்காது, ஏனென்றால் லாகின் திரைக்குத் தனி அமைப்பு. சிஸ்டம்டியில் தூக்கத்தையே மொத்தமாகத் தடுத்துவிடுவது உத்தமம். ரௌட்டருக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் போடுங்கள். கணினி விழித்திருந்து ரௌட்டர் செத்துக் கிடந்தால் என்ன பிரயோஜனம்.

இவ்வளவும் செய்தபின்னும் போன ஐப்பசியில் மூன்று நாள் இணைப்பு வரவில்லை. லாகையும் சுரங்கத்தையும் நோண்டிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். மழை ஒழுகுகிறது என்று பிளக்கைப் பிடுங்கி, கணினியைப் பாலிதீன் உறையால் மூடி, மேலே ஒரு தாம்பாளத்தையும் கவிழ்த்து வைத்திருக்கிறாராம்.